தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள்: பழைய ஈமக்காடுகளைப் படிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கம் கண்மாய் தூர் வாரும்போதோ, தைலமரம் நட நிலத்தை ஆழ உழும்போதோ, சில நேரம் பொக்லைன் வாளியில் தடித்த பானை விளிம்பு ஒன்று இடறும். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் இரண்டடி அகலத்துக்கு வட்டமாக வாய் தெரியும். ‘முதுமக்கள் தாழி’ என்று இளைஞர்கள் சொல்வார்கள். பெரியவர்கள் ‘மதமதக்கத் தாழி’ என்பார்கள். உள்ளே தங்கம் இருக்குமோ என்று யாராவது மண்ணை வெளியே அள்ளிப் போட்டுவிட்டால், ஆய்வுக்கு உதவக்கூடிய செய்தியில் பெரும்பகுதி அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

தாழியின் மதிப்பு உள்ளே இருக்கும் பொருளில் மட்டும் இல்லை. எந்தப் பொருள் எதற்கு மேலே, எதற்குக் கீழே, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்ற வரிசையில்தான் இறந்தவருக்கு உறவினர் செய்த சடங்கு பதிந்திருக்கிறது. அந்த வரிசையைத் தாங்கிப் பிடித்திருப்பது மண். ஈமத் தொல்லியல் என்பது முக்கால்வாசி இந்த மண்ணைப் படிக்கும் வேலை.

எரித்தார்களா, புதைத்தார்களா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பழந்தமிழகத்தில் விடை ஒன்றாக இருக்கவில்லை. புகார் நகரத்துச் சுடுகாட்டை விவரிக்கும் இடத்தில் மணிமேகலை ஒரே மூச்சில் ஐந்து முறைகளைச் சொல்கிறது: ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’. எரிப்பவர், திறந்த வெளியில் போட்டுவிடுபவர், தோண்டிய குழியில் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர், தாழியில் இட்டுக் கவிப்பவர் என எல்லோரும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள். அகழாய்வுக் குழிகளிலும் இந்தக் கலவைதான் தெரிகிறது. சிவகங்கை மாவட்டத்துக் கொந்தகை, கீழடியில் வாழ்ந்தவர்களின் இடுகாடாகக் கருதப்படும் இடம். அங்கே தாழிகளும் உண்டு, தாழி இல்லாமல் குழியில் நேராகக் கிடத்தப்பட்ட எலும்புக்கூடுகளும் உண்டு.

முறை எதுவானாலும் முதலில் பிரித்தறிய வேண்டியது ‘முதல்நிலை அடக்கம்’, ‘இரண்டாம்நிலை அடக்கம்’ என்ற இரண்டைத்தான். இறந்த உடம்பை முழுதாக வைத்து அங்கேயே மட்கவிட்டால் அது முதல்நிலை. வேறொரு இடத்தில் எரித்தோ, புதைத்தோ, வெளியில் போட்டோ சதை போனபின் எலும்பை மட்டும் எடுத்து வந்து வைத்தால் இரண்டாம்நிலை. இதை அடையாளம் காண மூட்டுகளைப் பார்க்க வேண்டும். கை, கால் விரல்களின் சிற்றெலும்புகளும் முதுகெலும்புத் தொடரும் உடம்பில் இருந்தபடியே ஒன்றோடொன்று பொருந்திக் கிடந்தால், தசைநார் இருந்தபோதே உடல் அங்கே வைக்கப்பட்டது என்று பொருள். தொடையெலும்புகளை விறகுபோல் அடுக்கி, மேலே மண்டையோட்டை வைத்து, விரலெலும்பு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அது எடுத்து வந்த எலும்பு. பொறுக்கும்போது சிறியவை கைக்குத் தப்பிவிடுகின்றன. தாழியைக் கவிழ்த்துக் கொட்டியபின் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எந்த ஆய்வகத்தாலும் முடியாது.

நிலத்துக்கு மேலே தெரியும் அடையாளங்கள்

தாழிக்கு மேலே எதுவும் தெரியாமல் போகலாம். கல் கிடைக்கும் நிலத்தில் பெரும்பாலும் ஏதாவது அடையாளம் இருக்கும். புதுக்கோட்டைச் சீமையில், குறிப்பாகச் சித்தன்னவாசல் பக்கம், பாறையும் செம்புராங்கல்லும் தாராளமாகக் கிடைப்பதால் கல்வட்டங்களும் கல்பதுக்கைகளும் உள்ளன. நிலத்துக்குள் நான்கு பலகைக் கற்களைப் பெட்டிபோல் நிறுத்தி, அடியில் ஒரு கல், மேலே மூடுகல் வைத்தது கல்பதுக்கை. அதே பெட்டி நிலத்துக்கு மேலே நின்றால் கல்திட்டை. பக்கவாட்டுக் கற்கள் ஒன்றன் விளிம்பை அடுத்தது தாண்டிப் போகும்படி நிறுத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து மண் அழுத்தும்போது கல் உள்ளே சரியாமல் ஒன்றையொன்று தாங்குவதற்கான தச்சு அறிவு அது. ஒரு பக்கக் கல்லில், பல இடங்களில் கிழக்கு நோக்கி, வட்டமாக ஓர் இடுதுளை இருக்கும். பின்னாளில் படையலோ எலும்போ உள்ளே வைக்க அது பயன்பட்டிருக்கலாம் என்பது பலர் கருத்து.

பெருங்கற்களால் சுற்றி வளைத்தது கல்வட்டம். சிறு கற்களைக் குவித்தது கற்குவை. சுட்ட மண்ணில் கால்கள் வைத்துச் செய்த நீள்தொட்டி ஈமப்பேழை. ‘பாண்டவர் குழி’, ‘குள்ளர் வீடு’ என்று ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்கள் எல்லாம் இவற்றைச் சுட்டுபவைதான். கள ஆய்வுக்குப் போகிறவர்கள் அந்தப் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. வரைபடத்தில் இல்லாத ஈமக்காடு பல நேரம் அப்படிப்பட்ட ஒரு வயல் பெயரில் இருக்கும்.

ஒரு தாழியைத் திறப்பது எப்படி

முதல் வேலை இடத்தை அளந்து சதுரங்களாகப் பிரிப்பது. 10 மீட்டர் சதுரம், அதற்குள் நான்கு கால்பகுதிகள், இடையில் தோண்டாமல் விடும் மண்சுவர். கல்வட்டமாக இருந்தால் அதையே நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளை முதலில் தோண்டுவார்கள். அப்போதுதான் குறுக்குவெட்டில் மண்ணடுக்குகள் முழுதாகத் தெரியும்.

தாழி இறக்கிய குழியின் ஓரம் சுற்றியுள்ள மண்ணைவிடச் சற்றே நிறம் மாறியிருக்கும். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் அந்த வேறுபாட்டைக் காய்ந்தபின் காண முடியாது. அதனால் தளத்தைக் கொத்துக்கரண்டியால் சீவி, லேசாக நீர் தெளித்து, வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ பார்க்கிறார்கள். குழியின் அளவையும் தாழியின் அளவையும் ஒப்பிட வேண்டும். குழி மிகப் பெரிதாக இருந்தால், தாழிக்கு வெளியே படையல் கலங்கள் இருக்க வாய்ப்புண்டு. வெளியே இருப்பவற்றை முடிக்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது.

மூடி உடையாமல் இருக்கும் தாழி அரிது. மூடி முழுதாக இருந்தால் உள்ளே பாதி வெற்றிடமாக இருக்கும். மூடி உடைந்திருந்தால் மழைநீரோடு வந்த வண்டல் வரி வரியாகப் படிந்திருக்கும். மேலே இருக்கும் இந்த நுண்மண் சடங்கைச் சேர்ந்ததில்லை, பிற்காலத்தில் சேர்ந்தது. அதற்குக் கீழேதான் எலும்பும் கலங்களும் தொடங்கும். இந்த எல்லையைத் தவறவிட்டால், பெருச்சாளி இழுத்து வந்த விதையும் பின்னாளில் புகுந்த நத்தை ஓடும் ‘படையல்’ என்று அறிக்கையில் ஏறிவிடும்.

முடிந்தவரை தாழியைத் துணியால் சுற்றிக் கட்டி, அடியோடு தூக்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் நிழலில் திறப்பதே சிறந்தது. அங்கே இரண்டு சென்டிமீட்டர் ஆழமாக, அடுக்கு அடுக்காக எடுப்பார்கள். ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து, வரைந்து, அந்த அடுக்கு மண்ணைத் தனிப் பையில் போட்டு எண் இட வேண்டும். பிறகு 10, 5, 2 மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடைகளில் சலிப்பார்கள். கடைசியில் மிஞ்சும் மண்ணை நீரில் கரைத்தால் கரியும் உமியும் தானியமும் மேலே மிதக்கும். இந்த மிதப்பு வேலை சலிப்பூட்டும், சேறாக்கும். ஆனால் வெறும் கண்ணுக்குத் தப்பும் தானியமும் உமியும் இந்த வழியில்தான் கைக்கு வருகின்றன.

களத்தில் அதிகம் நடக்கும் தவறு, எலும்பை உடனே வெயிலில் வைப்பது. பல நூற்றாண்டு ஈரத்தில் இருந்த எலும்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்தால் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்துவிடும். அதன் மேல் பசையோ வார்னிஷோ பூசினால் உருவம் நிற்கும். ஆனால் மரபணுவுக்கும் காலக்கணிப்புக்கும் அந்த எலும்பு கெட்டுவிடும். வெறுங்கையால் தொடுவதும் அப்படித்தான். கண்டெடுத்தவரின் வியர்வையும் மூச்சும் மாதிரியில் கலந்துவிடும். மரியாதைக்காக மஞ்சள், குங்குமம், பால் தெளிப்பதும் மாதிரியைக் கெடுக்கும். வணங்க வேண்டுமானால் குழிக்கு வெளியே நின்று வணங்கலாம்.

எத்தனை பேர், என்ன வயது?

ஒரு தாழியில் ஒருவர்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. உடம்பில் ஒன்றே ஒன்று இருக்கும் எலும்பைத் தேர்ந்து எண்ண வேண்டும். வலது தொடையெலும்பின் மேல்முனை இரண்டு கிடைத்தால் குறைந்தது இருவர். காதுக்கு உள்ளே இருக்கும் கடினமான எலும்புப் பகுதி நெருப்பையும் மண்ணையும் ஓரளவு தாங்குவதால், எண்ணுவதற்கு அது இன்னும் நல்லது. மரபணு கிடைக்கும் வாய்ப்பும் அந்தச் சிறு எலும்பில்தான் அதிகம். புறநானூறு 256இல் கணவனை இழந்தவள், ஈமத் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையும்படி குயவனைக் கேட்கிறாள். ஒரே தாழியில் இருவர் என்பது அந்தக் காலத்தவர் நினைத்துப் பார்த்த ஒன்றுதான். ஆனால் இரண்டு பேரின் எலும்பு கிடைத்தவுடன் கணவன், மனைவி என்று எழுதிவிடக் கூடாது. முதலாமவருக்குப் பல ஆண்டு கழித்து இரண்டாமவர் வைக்கப்பட்டிருக்கலாம், தாயும் பிள்ளையுமாக இருக்கலாம். உறவைச் சொல்ல மரபணு வேண்டும், கால இடைவெளியைச் சொல்ல மண்ணடுக்கு வேண்டும்.

வயதுக்குப் பல்தான் முதல் சாட்சி. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதை ஒட்டியும் இரண்டாவது பன்னிரண்டை ஒட்டியும் முளைக்கும். நீள எலும்புகளின் முனைகள் ஒட்டிக்கொண்டனவா என்பது இளைஞரையும் பெரியவரையும் பிரித்துக் காட்டும். ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்பு நம்பகமானது, மண்டையோடு அடுத்தபடி. குழந்தை எலும்பு மெல்லியது என்பதால் முதலில் கரைந்துபோவதும் அதுதான். குழந்தைகளே இல்லாத ஈமக்காடு என்றால், குழந்தைகள் சாகவில்லை என்றோ வேறிடத்தில் புதைத்தார்கள் என்றோ எழுதுமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

எரிந்த எலும்பு சொல்வது

எலும்பின் நிறம் நெருப்பின் அளவைக் காட்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை பழுப்பு, அதற்கு மேல் கரி போன்ற கறுப்பு, 500, 600 டிகிரியில் சாம்பலும் நீலமும் கலந்த நிறம், 700, 800 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பு வெள்ளை. ஒரே தொடையெலும்பில் ஒரு முனை வெள்ளையாகவும் மறுமுனை கறுப்பாகவும் இருந்தால், சிதை சீராக எரியவில்லை அல்லது அந்தப் பகுதி விறகுக்கு வெளியே நீட்டியிருந்தது. கை, கால் முனைகளில் இதை அடிக்கடி காணலாம்.

கறுப்பாக இருப்பதெல்லாம் எரிந்ததில்லை. ஈர மண்ணில் மாங்கனீசு படிந்தாலும் எலும்பு கரிபோல் தோன்றும். எலும்பு ஏற்கெனவே உடைந்த இடத்தின் குறுக்குப் பரப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எரிந்திருந்தால் கறுப்பு உள்ளே வரை போயிருக்கும், மாங்கனீசு என்றால் மேல்தோலோடு நின்றிருக்கும். இந்தச் சோதனைக்குச் செலவில்லை. இதைச் செய்யாததால் புதைத்தவரை எரித்தவராக்கிய குறிப்புகள் உண்டு.

சதையோடு எரிந்ததா, காய்ந்த எலும்பாக எரிந்ததா என்பதற்கு விரிசலைப் பார்ப்பார்கள். சதையோடு எரிந்தால் எலும்பு முறுக்கிக்கொண்டு, நகக்கண் வளைவுபோல் குறுக்கே பிளக்கும். காய்ந்தது என்றால் நீளவாக்கில் நேராக வெடிக்கும். ஆனால் சதை போனபின்னும் புரதம் மிச்சமிருக்கும் காய்ந்த எலும்பும் முறுக்கிக்கொள்ளும் என்று பின்னாளில் செய்த சோதனைகள் காட்டின. எனவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். எரிந்த எலும்பு பத்து சதவீதத்துக்கு மேலும் சுருங்கக்கூடும். அளவை நம்பி உயரமோ பாலினமோ கணக்கிட்டால் ஆண் பெண்ணாகிவிடுவார்.

எடை பார்ப்பது எளிது, பலரும் செய்வதில்லை. முழுதாக எரிந்த பெரியவர் ஒருவரின் எலும்பு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டரை கிலோ வரை இருக்கும். தாழியில் 300 கிராம் மட்டும் இருந்தால் கொஞ்சம்தான் பொறுக்கி வந்தார்கள் என்று ஊகிக்கலாம். மண்டையோடும் நீள எலும்பும் மட்டுமா, உடம்பின் எல்லாப் பகுதியிலிருந்தும் கொஞ்சமா என்று பிரித்து நிறுத்தால் பொறுக்கியவரின் எண்ணமே தெரியும். இன்றைக்கும் செட்டிநாட்டில் எரியூட்டியபின் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் இடுகிறார்கள். அந்தச் செயலைப் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று விளக்கவே வேண்டாம்.

எலும்பே இல்லையென்றால்

செட்டிநாட்டுப் பக்கத்தில் ஆய்வு செய்கிறவர்கள் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். செம்புராங்கல் கலந்த செம்மண் பொதுவாக அமிலத்தன்மை உள்ளது. எலும்பின் கனிமம் அமிலத்தில் கரையும். ஆண்டுக்காண்டு வடகிழக்குப் பருவமழை நீர் இறங்க இறங்க, தாழிக்குள் எலும்பு இருந்த இடத்தில் நிறம் மாறிய மண் மட்டும் மிஞ்சும். பல்லின் எனாமல் மட்டும் தொப்பிபோல் கிடக்கும். வெள்ளையாக எரிந்த எலும்போ அப்படியில்லை. சூட்டில் அதன் படிகங்கள் பெரிதாகிவிடுவதால் அமிலத்தை அதிகம் தாங்கும். விளைவு என்ன? நூறு பேரில் எண்பது பேரைப் புதைத்து இருபது பேரை எரித்த ஈமக்காட்டில், பல நூற்றாண்டு கழித்து அந்த இருபது மட்டும் கண்ணில் படும். ‘இங்கே எல்லோரையும் எரித்தார்கள்’ என்ற முடிவு அப்படிப் பிறக்கிறது. வண்டல் மண் கொண்ட வைகைக் கரைக் கொந்தகையில் எலும்புகள் நன்றாக நிற்கின்றன என்பதால், இரண்டு இடத்தின் வழக்கத்தையும் எலும்பை வைத்து நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியில்லை.

அதனால் எலும்பில்லாத தாழியை ‘வெறும் தாழி’ என்று குறிக்காதீர்கள். அடிமண்ணில் பாஸ்பரஸ் அளவை வெளிமண்ணோடு ஒப்பிட்டால் உடல் இருந்ததா என்று ஓரளவு சொல்ல முடியும். அதற்கும் அந்த மண் கையில் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு. அஸ்தியை இராமேசுவரத்துக் கடலிலோ ஆற்றிலோ கரைத்துவிட்டால் தொல்லியலுக்கு எதுவும் மிஞ்சாது. ஆயிரம் சன்னல் வீடுகளும் ஊருணிகளும் கட்டிய செட்டிநாட்டு நகரத்தார் போன்ற பெரிய சமூகத்தின் முன்னோர் பலர், இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் தோண்டுகிறவருக்கு எலும்பாகக் கிடைக்கப்போவதில்லை. பழங்காலத்திலும் இப்படி மறைந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நம் கைக்கு வரும் தாழிகள் மொத்தச் சமூகத்தின் கணக்கு இல்லை என்பதை அறிக்கை எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

காலம் கணிப்பது

உயிருள்ளவற்றில் எல்லாம் இருக்கும் கதிரியக்கக் கரிமமான கரிமம் 14இன் அரையாயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5730 ஆண்டு. செடியோ உயிரினமோ இறந்தபின் அது குறைந்துகொண்டே போவதை அளந்து வயது சொல்கிறார்கள். அந்த அணுக்களை நேரடியாக எண்ணும் இன்றைய முடுக்கி முறைக்கு ஒரு நெல்மணி போதும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. பழனிக்கு அருகே பொருந்தலில் ஓர் ஈமச்சின்னத்தில் நான்கு கால் கலத்துக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது, அது கி.மு. 490 என்று வந்தது. எங்களைக் கேட்டால், மரக்கரியைவிட நெல்லையே முதலில் அனுப்பச் சொல்வோம். நெல் ஓராண்டுப் பயிர். வைரம் பாய்ந்த மரத்தின் நடுப்பகுதியோ, எரித்த நாளுக்கு நூறு, இருநூறு ஆண்டு முன்பே வளர்ந்து முடிந்தது. அந்தக் கரி காலத்தைப் பழமையாக்கிக் காட்டும். வெள்ளையாக எரிந்த எலும்பைக்கூட இப்போது கணிக்கிறார்கள். ஆனால் எரியும்போது விறகின் கரிமம் எலும்புக்குள் கலப்பதால் அதே சிக்கல் அங்கேயும் உண்டு.

ஒரே ஒரு மாதிரியை வைத்து ஊருக்கே தேதி சொல்லக் கூடாது. எறும்பும் வேரும் ஒரு தானியத்தை மூன்றடி கீழே இறக்கிவிடும். மூடி முழுதாக இருந்த கலத்துக்குள் இருந்து எடுத்ததா, வெளிமண்ணிலிருந்து எடுத்ததா என்று மாதிரியோடு எழுதி அனுப்புங்கள். கறுப்பு சிவப்புப் பானை கிடைத்ததால் மட்டும் நூற்றாண்டு சொல்வதும் ஆபத்து, அது மிக நீண்ட காலம் புழங்கியது.

உங்கள் நிலத்தில் கிடைத்தால்

வேலையை நிறுத்துங்கள். பொக்லைன் ஓட்டுநரிடம் அந்தப் பக்கம் பத்தடிக்கு வண்டி ஏறாமல் இருக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு தாழி தனியாக இருப்பது அரிது. பக்கத்தில் ஓர் அளவுகோலோ, கிடைக்காவிட்டால் ஒரு செங்கல்லோ வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறியைச் சேமியுங்கள். ஏற்கெனவே உடைந்து விழுந்த ஓடுகளையும் மண்ணையும் ஒரே சாக்கில் போடாமல், எங்கே விழுந்தனவோ அங்கேயே விடுங்கள். வாய் திறந்திருந்தால் மேலே ஓலையோ துணியோ போட்டு, பொடிமண்ணால் மூடிவிடலாம். நெகிழித் தாளை ஒட்டி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ எழுத்தில் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அங்கிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறைக்குச் செய்தி போகும். கடிதத்தில் ஆழத்தை எழுத மறக்காதீர்கள். அன்றைய நிலமட்டத்திலிருந்து எத்தனை அடியில் தட்டுப்பட்டது, மேலே எத்தனை அடி மண்ணை ஏற்கெனவே அள்ளியிருந்தார்கள் என்ற இரண்டும் வேண்டும். அலுவலர் வந்து சேரும்போது நிலமட்டம் மாறியிருக்கும், அந்த அளவைப் பிறகு யாராலும் மீட்க முடியாது.